ரிப்போர்ட்டில் இல்லாத பெயர்

அந்தப் பையை மேல வைக்க வேண்டாம் சார், கீழயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்லை. திருச்சி வரைக்கும்தானே? நானும் அங்கதான்.

கோர்ட்டுக்கு வந்துட்டுப் போறேன். இல்லை இல்லை, கேஸெல்லாம் என் மேல கிடையாது. சாட்சி. இன்னிக்குத் தஞ்சாவூர் கோர்ட்டுல என் சாட்சி. அரை மணி நேரம்கூட ஆகலை. நான் என்னமோ பெருசா நினைச்சுக்கிட்டு வந்தேன். காலையில வீட்டுல இட்லி வச்சாங்க, நாலு சாப்பிட்டேன், நல்லா இறங்குச்சு. என் சம்சாரம்தான் வாசல் வரைக்கும் வந்து பயந்துக்கிட்டு நின்னா. எனக்கு ஒண்ணும் இல்லை. இப்பவும் ஒண்ணும் இல்லை.

ஆஸ்பத்திரியில வேலை. பேரு எதுக்கு சார், பெரிய ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். டாக்டர் இல்லை. நோயாளிங்க விவரம் இருக்கே, பேரு, வயசு, அட்ரஸ், ஃபோன் நம்பர், என்ன சீக்கு, என்ன மாத்திரை, எல்லாம் கம்ப்யூட்டர்ல ஒரே இடத்துல கிடக்கும். டேட்டாபேஸ்னு சொல்லுவாங்க. அதைப் பார்த்துக்கறது நான்தான். பதினேழு வருஷமா. ஒரு எழுத்து தொலைஞ்சதில்லை.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தொந்தரவு வந்துச்சு. பிரசவத்துக்கு வர்ற பொண்ணுங்களுக்கு, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள ஃபோன் வர ஆரம்பிச்சுடும். குழந்தைக்கு டயப்பர் வேணுமா, பவுடர் வேணுமான்னு. ஒரு பொண்ணுக்குக் குழந்தை செத்தே பொறந்துச்சு. அதுக்கும் மறுநாள் ஃபோன் வந்திருக்கு, 'குட்டிப் பாப்பாவுக்கு வாழ்த்துகள்'னு. அந்தப் புருஷன்காரன் வந்து ரிசப்ஷன் கண்ணாடியை உடைச்சுட்டான். எங்க டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, "வெளியில இருந்து எவனும் உள்ள வரலை கோதண்டபாணி. உள்ள இருக்கிறவன்தான் வெளிய குடுக்கறான். ஆளைப் பிடிங்க"ன்னாரு.

எப்படிப் பிடிக்கறது? எண்ணூறு பேரு வேலை பார்க்கிற இடம். ஒவ்வொருத்தரும் ஒரு நாளைக்கு நூறு ஃபைலைத் திறக்கறாங்க, மூடறாங்க. நான் யாரு பின்னாடி போய் நிப்பேன்? அதுக்குத்தான் அந்த மெஷினை வாங்கினாங்க. மெஷின்னா இரும்பு இல்லை சார், கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற ஒரு ப்ரோகிராம். மெஷின் லேர்னிங். அதுவா கத்துக்குமாம். சென்னையில இருந்து ஃபர்ஹானான்னு ஒரு பொண்ணு வந்து போட்டுக் குடுத்துச்சு. சின்னப் பொண்ணு, ஆனா விஷயம் தெரிஞ்ச பொண்ணு.

அந்தப் பொண்ணு என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்றேன். "சார், இது யாரையும் திருடன்னு சொல்லாது. இந்த ஆளு வழக்கத்துக்கு மாறா ஏதோ பண்றாருன்னு மட்டும் சொல்லும். எது வழக்கம், எது இல்லைன்னு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

மூணு மாசம் அந்த மெஷின் சும்மா பார்த்துக்கிட்டே இருந்துச்சு. யாரு எத்தனை மணிக்கு வர்றாங்க, எந்த வார்டு ஃபைலைத் திறக்கறாங்க, திறந்து எவ்வளவு நேரம் வச்சிருக்காங்க, எதை மாத்தறாங்க. அப்புறம் தினம் காலையில எனக்கு ஒரு லிஸ்டு வரும். பத்து பேரு. பக்கத்துல நூத்துக்கு இத்தனைன்னு மார்க்கு. மார்க்கு ஏற ஏற சந்தேகம் ஜாஸ்தி. ஒவ்வொண்ணா விசாரிச்சுட்டு, ரெண்டு பட்டன்ல ஒண்ணை நான் அமுக்கணும். ஒண்ணு 'வழக்கம்'. இன்னொண்ணு 'சந்தேகம்'. நான் அமுக்கறதைப் பார்த்து அது தன்னைத் திருத்திக்கும். நல்ல ஏற்பாடு சார். காபி குடிக்கிற நேரத்துல முடிஞ்சுடும்.

மொத மாசம் பூரா ஒரே பேருதான் மேல வந்துச்சு. மதியழகன். இன்ஷூரன்ஸ் டெஸ்க்ல இருக்கறவரு. எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூத்தி ரெண்டுன்னு தினம். இன்ஷூரன்ஸே இல்லாதவங்க ஃபைலைத் திறக்கறாருன்னு காட்டுச்சு. பிரசவ வார்டு ஃபைலா திறக்கறாருன்னு காட்டுச்சு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. அவரு எப்பேர்ப்பட்ட ஆளு! எங்க மாமனாருக்கு மூச்சு முட்டி வந்தப்ப ஆஸ்பத்திரியில ஒரு ரூம் காலி இல்லை. எனக்கே இல்லைன்னாங்க. மதிதான் மாடிக்கும் கீழுக்கும் ஓடி, ஒரு மணி நேரத்துல ரூம் வாங்கிக் குடுத்தாரு. ஆளைக் கண்டா 'அண்ணே'ன்னுதான் ஆரம்பிப்பாரு. 

கேக்கணும்ல, கடமைக்குக் கேட்டேன். "அண்ணே, இன்ஷூரன்ஸ் இருக்கா இல்லையான்னு ஃபைலைத் திறந்து பார்த்தாத்தானேண்ணே தெரியும்"னாரு. சரிதானே? நீங்களே சொல்லுங்க. திறந்து பார்த்தாத்தானே தெரியும். 'வழக்கம்' அமுக்கினேன். மறுநாளும் வந்துச்சு, அமுக்கினேன். ஃபர்ஹானாகூட ஒரு தடவை ஃபோன் பண்ணுச்சு. "சார், ஒரே ஆளுக்கு நாப்பது தடவை வழக்கம் போட்டிருக்கீங்க. ஒரு தடவை நல்லாப் பார்த்துடுங்க"ன்னு. "பார்த்துட்டேம்மா, அவரு நம்மாளு"ன்னேன். அப்புறம் மெல்ல மெல்ல அவரு மார்க்கு எறங்கிருச்சு. ரெண்டு மாசத்துல லிஸ்டுலயே வரலை. கத்துக்கிச்சு. புத்திசாலி மெஷின் சார், அதுல சந்தேகமே இல்லை.

அப்புறந்தான் அமலோற்பவம் அம்மா பேரு வந்துச்சு.

அவங்க ரெக்கார்டு செக்ஷன். பழைய ஃபைல், புது ஃபைல் எல்லாம் ஒழுங்கு பண்றது அவங்கதான். இருபத்திரெண்டு வருஷ சர்வீஸு. எனக்கு முன்னாடியே வந்தவங்க. காலையில மாதா கோயில்ல பூசைக்குப் போயிட்டு நேரா ஆபீஸ் வருவாங்க. யாருகிட்டயும் வளவளன்னு பேச மாட்டாங்க. பார்த்தா தலையை ஒரு தடவை அசைப்பாங்க, அவ்வளவுதான். எனக்கும் அவங்களுக்கும் எந்த விரோதமும் கிடையாது. ஒரு தடவை ஒரே பேருல ரெண்டு நோயாளி, விவரம் கலந்துபோச்சு. எங்க பக்கம் தப்பே இல்லைன்னு மீட்டிங்ல நான் சொல்லிக்கிட்டிருக்கேன், இவங்க எழுந்திருச்சுப் போய் ஒரு பேப்பரை எடுத்துட்டு வந்து டைரக்டர் முன்னாடி வச்சாங்க. எங்க பக்கம்தான் தப்பு. அதையெல்லாம் மனசுல வச்சுக்கிற ஆளு நான் இல்லை சார். அது நடந்து நாலு வருஷம் ஆச்சு. ஒரு வியாழக்கிழமை. பதினொன்றரை மணி.

லிஸ்டுல அவங்களுக்குத் தொண்ணூத்தி ஏழு. அப்படி ஒரு மார்க்கை நான் பார்த்ததே இல்லை. திறந்து பார்த்தா, ஒரே ஒரு நோயாளி ஃபைலு. தையல்நாயகின்னு ஒரு பொண்ணு. இருபத்தாறு வயசு. அந்தப் பொண்ணோட அட்ரஸை அழிச்சுட்டு நம்ம ஆஸ்பத்திரி அட்ரஸையே போட்டிருக்காங்க. ஃபோன் நம்பரை அழிச்சுட்டுத் தன்னோட சொந்த நம்பரைப் போட்டிருக்காங்க. ஒரு தடவை இல்லை, மூணு தடவை. அப்பாயின்ட்மென்ட் குடுக்கிற இடத்துல இருந்து விவரம் தானா வந்து பழைய அட்ரஸை உக்கார வச்சுடும். அது வர வர இவங்க மாத்தியிருக்காங்க. சாப்பாட்டு நேரத்துல, வேற கவுன்ட்டர்ல உக்காந்து. நீங்களே சொல்லுங்க, இது வழக்கமா?

'சந்தேகம்' அமுக்கினேன். டைரக்டருக்குச் சொன்னேன். ஆளைப் பிடிச்சுட்டோம்னு அவருக்கு நிம்மதி.

விசாரணை வச்சாங்க. டைரக்டரு, மேனேஜரம்மா, நானு, ஊழியர் பக்கத்துக்கு ஒரு ஆளு இருக்கணும்னு மதியழகன். அமலோற்பவம் அம்மா வந்து உக்காந்தாங்க. கையில கைக்குட்டையை மடிச்சு வச்சிருந்தாங்க. அழவெல்லாம் இல்லை.

மேனேஜரம்மா, "இதை நீங்கதான் மாத்தினீங்களா?"ன்னாங்க.

"ஆமாம்."

"எதுக்கு?"

அவங்க எங்க நாலு பேரையும் ஒவ்வொருத்தரா பார்த்தாங்க. பார்த்துட்டு, "இத்தனை பேரு முன்னாடி சொல்ல முடியாது. கோதண்டபாணி சார்கிட்ட மட்டும் தனியா சொல்றேன். பத்து நிமிஷம் போதும்"னாங்க.

என்கிட்ட. நான் யாரு? ரிப்போர்ட் குடுத்தவன். தனியா பேசினா நாளைக்கு நாலு பேரு நாலு விதமா சொல்ல மாட்டாங்களா? "அம்மா, விசாரணைன்னா விசாரணைதான். எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லுங்க"ன்னேன். முறைன்னு ஒண்ணு இருக்கே. மதிகூட, "சொல்லுங்கக்கா, நம்ம எல்லாரும் குடும்பம் மாதிரிதானே"ன்னாரு. நல்லபடியாத்தான் சொன்னாரு.

அவங்க கைக்குட்டையை இன்னொரு மடிப்பு மடிச்சாங்க. 'கேள்விகளுக்குப் பதில் அளிக்க மறுத்துவிட்டார்'னு எழுதினாங்க. ஒரு வாரத்துல வேலை போயிடுச்சு.

அப்புறம் ஒரு பேச்சு. அவங்க முன்னாடியே என்கிட்ட வந்து கேட்டாங்களாம், "சார், ஒரே ஒரு நோயாளியோட அட்ரஸை மட்டும் யாரு கண்ணுலயும் படாம மறைக்க வழி இருக்கா"ன்னு. நான், "எழுதிக் குடுங்க, மாசாமாசம் கமிட்டி கூடுது, அதுல வைக்கறேன்"னு சொன்னேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டிருக்கலாம். தினம் எத்தனை பேரு வந்து எதையாவது கேக்கறாங்க. கமிட்டி இருக்கே, அதுக்குத்தானே இருக்கு?

விஷயம் என்னன்னா, அந்தத் தையல்நாயகி புருஷன்கிட்ட அடிபட்டு வந்த பொண்ணு. கையை முறிச்சுட்டான். குணசீலன்னு பேரு அவனுக்கு, பேரைப் பாருங்க. அவன்கிட்ட இருந்து தப்பிச்சு, தஞ்சாவூர்ல ஒரு தோழி வீட்டுல ஒளிஞ்சுக்கிட்டிருந்துச்சு. முறிஞ்ச கைக்குப் பயிற்சி எடுக்க மாசம் ஒரு தடவை நம்ம ஆஸ்பத்திரிக்கு வரும். ரிப்போர்ட் அனுப்பறதுக்காகப் புது அட்ரஸைக் குடுத்திருக்கு. குடுத்த பிறகுதான் பயம் வந்திருக்கு. ஏன்னா அந்தப் பொண்ணு வார்டுல என்ன சாப்பிட்டுச்சு, யாரு வந்து பார்த்தாங்கங்கறதெல்லாம் புருஷனுக்குத் தெரிஞ்சிருக்கு. 'உங்க ஆஸ்பத்திரிக்குள்ள அவனுக்கு ஒரு ஆளு இருக்கு, யாருன்னு தெரியலைக்கா'ன்னு அமலோற்பவம் அம்மாகிட்ட அழுதிருக்கு. அதான் அவங்க மாத்தியிருக்காங்க. யாருன்னு தெரியாததால யாரு முன்னாடியும் சொல்லலை. இதெல்லாம் பின்னாடி தெரிஞ்சது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் வேற மாதிரி பண்ணியிருப்பேனான்னு கேட்டா... தெரியலை சார். கமிட்டியில வச்சிருப்பேன்.

விசாரணை முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலமே அந்த ஃபைலைப் பழையபடி திருத்தினேன். யாராவது கெடுத்து வச்சா, இருந்தபடி திருப்பி வைக்கறது என் கடமை. பழைய பிரதி இருக்கும், அதுல இருந்து எடுத்து உக்கார வைக்கணும். நாலு தடவை பட்டனைத் தட்டணும். தஞ்சாவூர் அட்ரஸு, தெருப் பேரு, கதவு நம்பரு, ஃபோன் நம்பரு, எல்லாம் ஒரு எழுத்து பிசகாம வந்து உக்காந்துச்சு. சுத்தமான வேலை.

பதினோராவது நாள் குணசீலன் அந்த வீட்டுக்குப் போயிட்டான். காலையில பத்து மணி. தோழி கடைக்குப் போயிருந்திருக்கு. அரிவாள்.

உயிரு போகலை. கழுத்துல ஒரு வெட்டு, தோள்ல ரெண்டு. வலது கை ஏற்கெனவே முறிஞ்ச கை, அது இப்ப தூக்க வராது. இடது கையில ரெண்டு விரல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரங்க கல்லால அடிச்சு அவனைப் பிடிச்சுட்டாங்க.

மறுநாள் பேப்பர்ல பார்த்தேன். அந்தப் பேரு எனக்குத் தெரிஞ்ச பேருன்னு தோணுச்சு. தையல்நாயகின்னு இந்தக் காலத்துல யாரு வைக்கறாங்க? ஆபீஸ் போயி அந்த ஃபைலைத் திறந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலை சார். ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சு. பக்கத்து மேஜையில யாரோ தோசை பார்சலைப் பிரிச்சாங்க, அந்தச் சட்னி வாசனைகூட ஞாபகம் இருக்கு.

மாத்தினது யாருங்கறது மாதிரி, வெறுமனே திறந்து பார்த்தது யாருங்கறதுக்கும் தனியா ஒரு பதிவு இருக்கும். பெரிய பதிவு, யாரும் அதைப் படிக்க மாட்டாங்க. அதுல அந்த ஃபைலை மட்டும் தேடினேன். நான் திருத்தின நாளுக்கும் அவன் போன நாளுக்கும் நடுவுல ஒரே ஒரு வரி. திருத்தின மூணாம் நாள், மத்தியானம் ரெண்டு பத்துக்குத் திறந்து ரெண்டு பதினொண்ணுக்கு மூடியிருக்கு. மதியழகன்.

மெஷின் அதுக்கு எத்தனை மார்க்கு போட்டிருந்துச்சு தெரியுமா? நாலு. நூத்துக்கு நாலு. அதாவது ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம். அவரு தினம் முந்நூறு ஃபைல் திறக்கறவரு. அதுல இது ஒண்ணு. வழக்கம்.

அவர்கிட்ட கேட்டேனான்னா, கேக்கலை. என்னன்னு கேக்கறது? அன்னிக்கு மத்தியானம் கேன்டீன்ல எதிர்ல வந்து உக்காந்தாரு. "அந்தப் பொண்ணு கதையைக் கேட்டீங்களாண்ணே, பாவம்ணே. அவங்க ஊர்க்காரங்களை எனக்குத் தெரியும், அவன் அண்ணன் என்கூடப் படிச்சவன்தான், குடும்பமே முரட்டுக் குடும்பம்"னாரு. அப்பளத்தை ரெண்டா உடைச்சு ஒரு பாதியை என் தட்டுல வச்சாரு. சாப்பிட்டேன்.

போலீஸ் வந்தாங்க. அட்ரஸ் எப்படி வெளிய போச்சுன்னு கேட்டாங்க. புருஷன்காரன் சொல்ல மாட்டேங்கறான், யாரோ ஃபோன்ல சொன்னாங்க, யாருன்னு தெரியாதுங்கறானாம். எங்க டைரக்டரு, 'இந்த ஃபைல்ல கை வச்ச ஒரு ஆளை ஏற்கெனவே கண்டுபிடிச்சு வேலையை விட்டு எடுத்துட்டோம்'னு சொல்லிட்டாரு. இன்ஸ்பெக்டரு என்கிட்ட, "இந்தப் பொண்ணு ஃபைல் சம்பந்தமா உங்க மெஷின் குடுத்த ரிப்போர்ட்டை எடுத்துக் குடுங்க"ன்னாரு. மெஷின் ரிப்போர்ட்னா சந்தேகம் இருக்கறது மட்டும்தான் வரும். வழக்கமா நடந்ததெல்லாம் வராது. எடுத்துக் குடுத்தேன். ஒரே பேருதான் இருந்துச்சு.

அதை வச்சு அமலோற்பவம் அம்மாவை ரெண்டாவது எதிரியாச் சேர்த்துட்டாங்க. அந்தப் பொண்ணு, 'அவங்க என்னைக் காப்பாத்தத்தான் பண்ணாங்க'ன்னு படுக்கையில இருந்தே சொல்லியிருக்கு. நம்பலை. 'உன்கிட்ட நல்லவ மாதிரி நடிச்சிருக்காம்மா. உனக்கு ஃபோன் வராம தன் நம்பரைப் போட்டு வச்சிருக்கா பாரு'ன்னு சொன்னாங்களாம். பதினேழு நாள் கழிச்சு ஜாமீன். அவங்க வீட்டுக்காரரு பக்கவாதத்துல படுத்திருக்கறவரு. அந்தப் பதினேழு நாளும் கோயில்ல இருந்து ஆளுங்க முறை போட்டுக்கிட்டு வந்து பார்த்துக்கிட்டாங்களாம்.

அவங்க ஜாமீன்ல வந்ததும் எனக்கு ஃபோன் பண்ணாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. "சார், நீங்க திருப்பிப் போட்ட பிறகு அந்த ஃபைலை யாரு பார்த்தாங்க?"ன்னாங்க.

"மெஷின்ல சந்தேகப்படற மாதிரி எதுவும் வரலைம்மா"ன்னேன்.

"நான் மெஷினைக் கேக்கலை சார். நீங்க பார்த்தீங்களா?"

அப்ப டைரக்டர் ரூம்ல இருந்து கூப்பிட்டாங்க. நிஜமாவே கூப்பிட்டாங்க சார், சும்மா சொல்லலை. "அப்புறம் பேசறேம்மா"ன்னு வச்சுட்டேன். அவங்களும் மறுபடி பண்ணலை.

அந்தப் பார்த்தவங்க பதிவு இருக்கே, அது ஆறு மாசத்துக்கு மேல நிக்காது. இடம் பத்தாதுன்னு தானா அழியற மாதிரி வச்சிருக்கோம். ஆடி மாசத்தோட அந்த வரியும் போயிடுச்சு. நான் அழிக்கலை. நான் எதையும் அழிச்சவன் இல்லை. எடுத்து வைக்கணும்னு யாரும் சொல்லலை. இப்ப அந்த ஒரு வரியைப் பார்த்தவன்னு உலகத்துல ஒரே ஆளுதான்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். அந்த டயப்பர் ஃபோன் மட்டும் இன்னும் நிக்கலை. அமலோற்பவம் அம்மா போயி ஒண்ணரை வருஷம் ஆச்சு, இன்னும் வருது. டைரக்டரு, 'அந்தம்மா போறப்ப மொத்தமா எடுத்துட்டுப் போயிருக்கும்'ங்கறாரு. இப்ப பொறக்கற குழந்தைங்களுக்கு எப்படின்னு நான் கேக்கலை.

இன்னிக்குக் கூண்டுல ஏறினேன். அந்தப் பக்கம் குணசீலன் நிக்கறான், அவனுக்கு நாலடி தள்ளி அமலோற்பவம் அம்மா. இளைச்சுப் போயிட்டாங்க. என்னைப் பார்த்ததும் ஆபீஸ்ல அசைக்கற மாதிரியே தலையை ஒரு தடவை அசைச்சாங்க. பழக்கதோஷம். நானும் அசைச்சேன்.

அரசு வக்கீல் கேட்டாரு, இந்தக் காகிதம் உங்க கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்ததுதானான்னு. ஆமாம்னேன். கையெழுத்து உங்களுதான்னு. ஆமாம்னேன். புருஷன்காரன் வக்கீல் எழுந்திருக்கவே இல்லை. அமலோற்பவம் அம்மாவுக்கு இலவச சட்ட உதவியில ஒரு வக்கீல் வந்திருந்தாரு. சின்ன வயசு. பேப்பரை மேலயும் கீழயும் புரட்டிக்கிட்டே இருந்தாரு.

"இந்த ரிப்போர்ட்ல என் கட்சிக்காரர் பேரைத் தவிர வேற யாரு பேராவது இருக்கா?"

"இல்லை."

உண்மைதானே சார்? ரிப்போர்ட்ல இல்லை. அடுத்த கேள்விக்காக நின்னேன். ஒரு வார்த்தையை மாத்திக் கேட்டா போதும். 'ரிப்போர்ட்ல'ன்னு கேக்காம, 'அந்த ஃபைலை வேற யாரு பார்த்தாங்க'ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேட்டிருந்தா கண்டிப்பா சொல்லியிருப்பேன்னு நினைக்கறேன். அவரு இன்னும் ரெண்டு பக்கத்தைப் புரட்டினாரு. ஜட்ஜம்மா, "வேற ஏதாவது?"ன்னாங்க. "இல்லைங்கம்மா"ன்னு உக்காந்துட்டாரு. நான் எறங்கிட்டேன்.

சாட்சிக்கு வந்ததுக்கு ஒரு சர்டிஃபிகேட் குடுப்பாங்களாம். அதை ஆபீஸ்ல குடுத்தாத்தான் டியூட்டின்னு போடுவாங்க. "ஜட்ஜம்மா கையெழுத்துப் போட்டதும் கூப்பிடறேன், வெளிய உக்காருங்க"ன்னாரு கிளார்க். வராந்தாவுல ஒரே பெஞ்சு. அதுல ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு, துப்பட்டாவைக் கழுத்தைச் சுத்திப் போட்டுக்கிட்டு. நான் வந்ததும் நகர்ந்து இடம் விட்டுச்சு. உக்காந்தேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு தண்ணி பாட்டிலை என் பக்கம் நீட்டுச்சு. "சார், இதைக் கொஞ்சம் திறந்து குடுங்களேன். எனக்கு மூடி திருக வராது." அப்பத்தான் அந்தக் கையைப் பார்த்தேன். ஃபைல்ல ஃபோட்டோ எல்லாம் இருக்காது சார். பேரு, வயசு, அட்ரஸ்தான். முகத்தை நான் பார்த்ததே இல்லை.

திறந்து குடுத்தேன். குடிச்சுச்சு.

"சாட்சிக்கு வந்தீங்களா சார்?"

"ஆமாம்மா."

"எந்தக் கேஸு?"

"வேற கேஸு"ன்னேன். அது எப்படி வாயில வந்துச்சுன்னு தெரியலை.

"எனக்கு மத்தியானம்தான் கூப்பிடுவாங்களாம். அதுவரைக்கும் உள்ள விட மாட்டாங்க. உள்ள ஒரு அக்கா நிக்கறாங்க சார், எனக்காக. என்னை ஒளிச்சு வைக்கப் பார்த்தவங்க. அவங்களைப் போயி அவன் பக்கத்துல நிக்க வச்சிருக்காங்க. நான் எத்தனையோ சொல்லிட்டேன். கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லுது, நீ சொன்னா ஆச்சான்னு கேக்கறாங்க."

நான் பாட்டில் மூடியைக் கையில வச்சிருந்தேன்.

"அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கற சார் ஒருத்தரு இன்னிக்கு வந்திருக்காராம். கோதண்டபாணின்னு பேராம். அந்த அக்கா சொல்லுவாங்க, 'அவரு கெட்டவரு இல்லை தையலு, யாராவது அவர்கிட்ட உக்காந்து பேசினா போதும்'னு. அதான் இங்கயே உக்காந்திருக்கேன். வெளிய வந்தா ஒரு வார்த்தை கேக்கலாம்னு. எப்படி இருப்பாருன்னுதான் தெரியாது."

அப்ப உள்ள இருந்து கூப்பிட்டாங்க. "கோதண்டபாணி! சர்டிஃபிகேட் வாங்கிக்குங்க!"

அந்தப் பொண்ணு சட்டுன்னு நிமிர்ந்து கதவைப் பார்த்துச்சு. யாரு எழுந்திரிக்கறாங்கன்னு வராந்தா பூரா பார்த்துச்சு. மறுபடி கூப்பிட்டாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "சார், நீங்களா?"ன்னுச்சு.

"இல்லைம்மா"ன்னேன்.

பாட்டிலை மூடிக் குடுத்தேன். எழுந்திருச்சு, அப்படியே படியெறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். சர்டிஃபிகேட் வாங்கலை. அது இல்லாம டியூட்டி போட மாட்டாங்க. இன்னிக்கு எனக்கு லீவுதான் சார்.